ஊசி குத்தத்தான் அந்தப் பொம்மையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மர்மத் தொடருக்குப் போட்டிருந்த படம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு துணிப் பொம்மை, நெஞ்சில் ஏழெட்டு ஊசிகள், கீழே 'வூடூ பொம்மை' என்று பெயர். நான் இருபது வருடமாகத் துணிப் பொம்மை தைத்து விற்கிறவள். போன மாதம் ஒரு கண்காட்சியில், பாதி தைத்து ஊசியோடு வைத்திருந்த பொம்மையைப் பார்த்துவிட்டு ஒரு சிறுவன் "அம்மா, வூடூ!" என்று அலறி அவள் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அவன் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வூடூ என்பது கரீபியன் கடலிலுள்ள ஹைட்டி நாட்டு மக்களின் மதம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், தங்கள் தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் படங்களுக்குள் மறைத்து வைத்துக் காப்பாற்றிய மதம். எசிலி டான்டோர் என்ற தாய்த்தெய்வத்தை, கன்னத்தில் கீறலும் கையில் குழந்தையுமாக இருக்கும் கறுப்பு மாதா படத்தில்தான் இன்றும் கும்பிடுகிறார்கள். 2003-ல்தான் அந்த நாட்டு அரசு இதை முறைப்படி ஒரு மதமாக ஏற்றது.

அவர்கள் கையால் செய்யும் 'பக்கேத் கொங்கோ'வைப் படத்தில் பார்த்தபோது என் கை துறுதுறுத்தது. உள்ளே மூலிகை வைத்த துணி மூட்டை. மேலே பளபளக்கும் சாட்டின் துணி, கழுத்தில் இறுகச் சுற்றிய நாடா, உச்சியில் இறகுக் கொத்து. சிலவற்றில் இரு பக்கமும் நாடாவைக் கை மாதிரி வளைத்திருப்பார்கள். இடுப்பில் கை வைத்து ஒரு பெண் நிற்பது போலவே இருக்கும். நோய் தீரவும், காவலுக்கும் வைப்பது அது. குண்டூசி அதிலும் உண்டு, சமிக்கியும் நாடாவும் நழுவாமல் பிடிப்பதற்கு. தைக்கிறவர்களுக்குப் பார்த்ததும் புரியும்.

தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இரும்புச் சந்தை என்று ஒன்று உண்டு. 1999-ல் மறைந்த பியேரோ பாரா என்ற வூடூ கலைஞர் அங்கேதான் கடை வைத்திருந்தார். அவரும் மனைவி மரி கசேஸும், யாரோ தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் பொம்மைகளின் தலையையும் கையையும் எடுத்து, துணி சுற்றி, மணியும் சமிக்கியும் வைத்துத் தெய்வ உருவங்களாக ஆக்கினார்கள். குப்பையில் கிடந்த முகத்தை பூஜைக்கு உரியதாக்க எவ்வளவு பக்தி வேண்டும்!

சரி, ஊசி குத்தும் கதை எங்கிருந்து வந்தது? உருவம் செய்து ஆளை வாட்டும் சூனியம் ஐரோப்பாவில் பழையது. மெழுகிலும் களிமண்ணிலும் உருவம் செய்து தீயில் வாட்டுவதைப் பற்றி ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸே 1597-ல் எழுதியிருக்கிறார். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பயணக் கதைகளும், அப்புறம் ஹாலிவுட்டும் வூடூவைப் பயங்கரமாகக் காட்டின. இன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சுற்றுலாக் கடைகளில் ஊசியோடு சேர்த்தே பொம்மை விற்கிறார்கள். கெடுதல் மந்திரம் ஹைட்டியில் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத ஊர் ஏது? ஆனால் ஒரு மதத்துக்கே அதை முகமாக ஒட்டுவது அநியாயம்.

தொடர் இன்னும் முடியவில்லை என்பதால் அடுத்த இதழிலும் அதே படம் வரலாம். கதையில் ஊசி குத்திய பொம்மை இருக்கட்டும். அதற்கு 'சூனியப் பொம்மை' என்று பெயர் போடுங்கள். 'வூடூ' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, கோவில்பட்டி