கூரை திறந்திருக்கும்போதே

அன்புள்ள மீனா,

புயலில் வீட்டுக் கூரை போனதைப் பற்றி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மா பத்திரம், பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக்கொண்டு, மழை தூறினால் பாத்திரம் தேடிக்கொண்டு, அதற்கு நடுவில் இத்தனை நிதானமாக நாலு பக்கம் எழுத உன்னால்தான் முடியும். பள்ளியில் படிக்கும்போதும் நீ இப்படித்தான். எல்லோரும் அழுதுகொண்டிருப்போம், நீ அடுத்து என்ன என்று கேட்பாய்.

அடுத்து என்ன என்று என்னையே கேட்டிருக்கிறாய். இன்சூரன்ஸில் தரும் பணம் பழைய கூரையைப் பழையபடி போடத்தான் காணும். புயல் தாங்குகிற மாதிரி போட வேண்டுமானால் கையிலிருந்து கூடுதலாகப் போட வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா, இல்லை மகள் படிப்புக்குச் சேர்த்த பணத்தைத் தொடாமல் பழையபடியே முடித்துக்கொள்ளலாமா? இதுதானே கேள்வி. நேராகச் சொல்கிறேன்: கூடுதல் பணத்தைப் போடு, ஆனால் படிப்புப் பணத்திலிருந்து எடுக்காதே. அது எப்படி என்று கீழே எழுதுகிறேன். இத்தனை வருஷம் கட்டட வரைபடங்களோடு காலம் தள்ளினவள் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

முதலில் நீ அனுப்பிய படங்களைப் பற்றி. கொல்லையில் விழுந்து கிடக்கும் கூரைத் தகர ஷீட்டை அருகில் போய் எடுத்திருக்கிறாயே, அதைப் பெரிதாக்கிப் பார். ஒவ்வொரு ஸ்க்ரூ துளையைச் சுற்றியும் தகடு நட்சத்திரம்போல வெடித்துக் கிழிந்திருக்கிறது. அடுத்து, மேலே கூரையைக் காட்டும் படத்தைப் பார். குறுக்குக் கட்டைகளில் அந்த ஸ்க்ரூக்கள் வரிசையாக அப்படியே நிற்கின்றன, வாஷரோடு. ஒன்றுகூடப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. தகடுதான் ஸ்க்ரூ தலையைத் தாண்டிக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. உன் கூரை ஏன் போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இந்த இரண்டு படங்களையும் பத்திரமாக வை, இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் காட்டு.

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைக்கும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர் எதிர். கூரைமேல் வேகமாக ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் மிகவும் கடுமையாக இருப்பது மூலைகளிலும் ஓரங்களிலும் முகட்டிலும். இதற்கு நடுவில் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலோ கதவோ உடைந்தால், உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல், இரண்டும் சேரும்போது கூரை பறக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் விசை நாலு மடங்கு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அசையாமல் நின்ற கூரை நூற்றிருபதிலும் நிற்கும் என்று நம்ப முடியாதது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. புயல் ஒரே சீராக அடிப்பதில்லை. விட்டு விட்டு, மணிக்கணக்காக அடிக்கும். ஒவ்வொரு வீச்சிலும் தகடு எழும்பி எழும்பி அமரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் பட்டென்று ஒடியுமே, அப்படி ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விட்டு, ஒரு கட்டத்தில் கிழிந்துபோகும். 1974 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை ட்ரேசி புயல் துவம்சம் செய்தது. விமான நிலையத்துக் கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் என்று காட்டிவிட்டுப் பழுதாகிப்போனது. வீடுகளில் பெரும்பாலானவை நாசம். அதற்குப் பிறகு ஜார்ஜ் வாக்கர் என்ற பொறியாளர் சேதத்தை ஆராய்ந்தபோது, தகரக் கூரைகள் இப்படித் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிய விசையில் களைத்துப் போய் ஸ்க்ரூ இடத்தில் கிழிந்திருப்பதைக் கண்டார். ஒரே ஒரு தரம் பலமாக இழுத்துப் பார்த்தால் போதும் என்ற எண்ணம் அங்கே மாறியது. கூரைத் தகட்டை ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டுச் சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. உன் கொல்லையில் கிடக்கும் தகட்டைப் பார்த்ததும் எனக்கு டார்வின்தான் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டில் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று நீ பார்க்க வேண்டும். நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி தடிமனான தகட்டுக்கும் உயர்ந்த பெயின்ட்டுக்கும் போகிறது. தடிமன் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூரை போவது அநேகமாகப் பிடிப்பில்தான். தகடு குறுக்குக் கட்டையோடு, குறுக்குக் கட்டை அதைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தோடு, கைமரம் சுவரோடு, சுவர் அஸ்திவாரத்தோடு. இந்த நாலில் எது பலவீனமோ அங்கேதான் பிய்த்துக்கொண்டு போகும். தகட்டை மட்டும் இறுகப் பிடித்து, கைமரத்தைச் சுவரில் சும்மா உட்கார வைத்திருந்தால், அடுத்த தடவை தகடு மட்டும் போகாது, கட்டைகளோடு சேர்த்துக் கூரை முழுவதும் போகும். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய பிறகு, அங்கே வீடு திரும்பக் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்த குறிப்புகளில் ஒன்றே இதுதான்: அடியிலிருந்து மேல்வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டு.

அதனால் எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்து இவற்றைச் சேர்க்கச் சொல். கைமரம் ஒவ்வொன்றையும் சுவரோடு பிணைக்க இரும்புப் பட்டை. குறுக்குக் கட்டை கைமரத்தில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் பட்டை அல்லது போல்ட். தகட்டுக்கு அகலமான வாஷர், அதிலும் மூலை, ஓரம், முகடு ஆகிய இடங்களில் ஸ்க்ரூ இடைவெளி நடுப்பகுதியைவிட நெருக்கமாக. எவ்வளவு நெருக்கம் என்பதைத் தகடு செய்யும் கம்பெனி அட்டவணையாகத் தரும், உன் பகுதிக்குச் சொல்லப்பட்ட காற்று வேகத்தை வைத்து அதைப் பார்த்துப் போட வேண்டும். கட்டைகளுக்குள் உளுப்பும் ஆணிகளில் துருவும் இருக்கிறதா என்று இப்போதே தட்டிப் பார்க்கச் சொல். உளுத்த கட்டையில் எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் வீண்.

பட்டை விஷயத்தில் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் பட்டைகள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதம். ஏணியில் ஏறிப் பார்த்தால் பட்டைக்கு எட்டு துளை, ஆணி இரண்டே இரண்டு. மீதித் துளைகள் வழியாக மரம் தெரிந்தது. அந்தப் பட்டை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். 1992 ஆகஸ்டில் ஆன்ட்ரூ புயல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைத் தாக்கிய பிறகும் இதே கதை. கூரைப் பலகையில் அடித்த ஆணிகள் பல, கீழேயிருந்த கைமரத்தில் இறங்காமல் பக்கத்தில் வெற்றிடத்தில் நின்றிருந்தன. மேலே மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. காற்றுக்குத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு நாளும் மூடுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வை. வேலைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நல்ல ஆசாரி கோபித்துக்கொள்ள மாட்டார், தானே கூப்பிட்டுக் காட்டுவார்.

சரி, பணத்துக்கு வருவோம். இதில்தான் உனக்குத் தூக்கம் போகிறது என்று தெரிகிறது.

இதை இப்போது செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், கூரை இப்போது திறந்து கிடக்கிறது. ஏற்றிய சாரம், வந்த ஆட்கள், கழற்றிய தகடு, இவற்றுக்கெல்லாம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. இப்போது பட்டையும் ஸ்க்ரூவும் கூட்டினால், ஆகும் கூடுதல் செலவு அந்தப் பொருளும் கொஞ்சம் கூலியும் மட்டும்தான். இரண்டு வருஷம் கழித்துச் செய்தால் போட்ட கூரையைத் திரும்பவும் கழற்ற வேண்டும், முழுக்கூலியும் திரும்ப. அப்போது நீ செய்ய மாட்டாய். யாரும் செய்வதில்லை.

இன்சூரன்ஸ் பொதுவாக இழந்ததைத் திருப்பித் தருவதற்குத்தான், இருந்ததைவிட மேலாக்கித் தருவதற்கு இல்லை. அதை அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் பாலிசியை எடுத்து இரண்டு விஷயங்களைப் பார். ஒன்று, தேய்மானம், அதாவது கூரை பழையதானதற்காகக் குறைக்கும் தொகை, கழித்துத் தருகிறார்களா, இல்லை புதிதாகப் போட ஆகும் முழுத் தொகையா. சில பாலிசிகளில் வேலை முடித்து பில் காட்டினால் கழித்த தேய்மானத்தைத் திருப்பித் தருவார்கள், அதைக் கேட்காமலே விட்டவர்கள் உண்டு. இரண்டாவது, கட்டட விதிகள் மாறியிருந்தால், புதிய விதிப்படி கட்ட ஆகும் அதிகச் செலவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா. இருந்தால் நீ ஆசைப்பட்டுச் செய்வதாக நினைக்கும் வேலையில் ஒரு பகுதி, விதிப்படி செய்தே ஆக வேண்டியதாக இருக்கலாம். அப்புறம் அதை அவர்கள் கணக்கில் கேட்கலாம். கான்ட்ராக்டரிடம் ஒரே எஸ்டிமேட்டாக வாங்காதே. பழையபடி போட ஒன்று, பலப்படுத்தும் வேலைக்குத் தனியாக ஒன்று என்று பிரித்து வாங்கு. கலந்து கிடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள், உனக்கும் எது எவ்வளவு என்று புரியாது.

மானியம் ஏதும் உண்டா என்றும் விசாரி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கூரையைப் பலப்படுத்திக்கொள்ள வீட்டுக்காரர்களுக்கு மானியம் தரும் திட்டமே இருக்கிறது. ‘ஃபோர்ட்டிஃபைட்’ என்ற தர அளவுப்படி போட்டு, மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பார்த்துச் சான்று கொடுத்தால், பிரீமியத்தில் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டமும் உண்டு. எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. ஆனாலும் வேலை தொடங்கும் முன்பே உன் கம்பெனியிடம் எழுத்தில் கேள்: இன்னின்ன செய்தால் பிரீமியம் குறையுமா, அதற்கு என்ன ஆதாரம் வேண்டும்? வேலை முடிந்த பிறகு கேட்டால் ஆதாரம் கூரைக்குள் மூடிப்போயிருக்கும்.

இதற்கு மேலும் பற்றாக்குறை இருந்தால், எதைத் தள்ளிப்போடலாம் என்று பார். உள்கூரைப் பலகை, பெயின்ட், வாசல்பக்க அலங்காரம், புதுத் தளம் எல்லாம் காத்திருக்கும். ஜன்னல்களுக்கு மரச்சட்டமோ ஷட்டரோ அடுத்த வருஷம் போடலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது, உள்ளே காற்று புகுவதைத் தடுப்பது அதுதான். அதற்குப் பிறகும் குறைந்தால் சின்னதாக ஒரு கடன் வாங்கு, கட்டி முடிக்கக்கூடிய அளவில். மகளின் பணத்தைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். படிப்புக்கு ஒரு வயது உண்டு, அது தள்ளிப்போட முடியாதது. கடனை நீயும் நானும் எத்தனையோ அடைத்துவிட்டோம், இதையும் அடைக்கலாம்.

புயலுக்குப் பிறகு தெருத்தெருவாக வந்து ‘நாளைக்கே முடித்துத் தருகிறேன், முழுப்பணமும் முன்னால் கொடுங்கள்’ என்கிறவர்களிடம் மட்டும் போகாதே. எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் கடைசிப் பகுதித் தொகையை, எல்லாம் பார்த்து முடித்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. இத்தனையும் செய்த பிறகும் எந்தப் புயலையும் தாங்கும் கூரை என்று ஒன்று இல்லை. வெளியேறச் சொன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடு. பலமான கூரை நீ திரும்பி வருவதற்காக.

இங்கே எல்லோரும் நலம். சின்னவன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான், காலையில் அவனை எழுப்புவதே எனக்கு ஒரு வேலை. முட்டி வலி இருக்கிறது, ஏணி ஏற விடமாட்டேன் என்கிறார்கள். ஆனால் காகிதம் பார்க்க முட்டி வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் திருத்திக் கொடுக்கும் எஸ்டிமேட்டைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, பாலிசியின் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கத்துச் சின்ன எழுத்து உட்பட. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறேன், இருவருமாக வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
வசந்தி