பெந்தியுவுக்குப் போகிற பிள்ளை

நைரோபி
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. வேலை நெருக்கடியில் உடனே எழுத முடியவில்லை. ஐயாவின் கண் ஒபரேஷன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். "சாந்தி வந்து கனநேரம் கதைச்சுக்கொண்டிருந்தவள்" என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னா. நான் பக்கத்தில் இல்லாத குறையை நீ எத்தனை வருடமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறாய். இங்கே எல்லோரும் சுகம். ஜூன் தொடங்கிய குளிர் இன்னும் விடவில்லை.

மூத்தவளுக்குத் தென் சூடானில் வேலை கிடைத்திருக்கிறது, பெந்தியு முகாமில் குடிநீர்த் திட்டப் பொறியியலாளர், ஒரு வருட ஒப்பந்தம் என்று எழுதியிருந்தாய். "விடலாமோ? நீதானே இந்தப் பாதுகாப்பு வேலையில இருக்கிறாய், சொல்லு" என்றும் கேட்டிருந்தாய். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லமாட்டேன். அவள் படித்த பிள்ளை, முடிவு அவளுடையது. பெந்தியுவில் 2021இல் வந்த வெள்ளம் வருடக்கணக்காக வடியவில்லை. மண் அணைக்கட்டுகளுக்குள்ளே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இருக்கிறது. தண்ணீர் படித்த ஒருத்திக்கு இதைவிடத் தேவையான இடம் கிடையாது. ஆனால் எந்த அமைப்போடு போகிறாள், அது தன் ஆட்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதை அவள் போகுமுன் அறியவேண்டும். அதற்கு என்னிடம் ஒரேயொரு உரைகல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று உலக மனிதாபிமான தினம். 2003 ஆகஸ்ட் 19இல் பக்தாத்தின் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகத்துக்குக் குண்டு வைத்தார்களே, ஐ.நா. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவோடு சேர்த்து 22 பேர் இறந்த நாள். ஒவ்வொரு வருடமும் இந்த நாளையொட்டிக் கணக்கு வெளிவரும். 2024இல் உலகம் முழுவதும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் பார்த்திருப்பாய், அதனால்தான் இன்னும் கலங்கியிருப்பாய். அந்தக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி காசாவில். அடுத்த பெரிய பங்கு சூடானில். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெளிநாட்டிலிருந்து போனவர்கள் இல்லை, அந்தந்த நாட்டிலேயே பிறந்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாரதி, காவலாளி, தாதி, மொழிபெயர்ப்பாளர், பம்ப் திருத்துகிறவர்.

இதை நான் உனக்கு விளக்கவேண்டியதில்லை. மூதூர் எங்கள் மாவட்டம். 2006 ஆகஸ்டில் ஏ.சி.எஃப். என்ற பிரெஞ்சு உதவி அமைப்பின் 17 ஊழியர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள், 16 தமிழர், ஒரு முஸ்லிம், அதில் நான்கு பெண்கள். சுனாமிக்குப் பிறகு தண்ணீர், மலசலகூட வேலை செய்த பிள்ளைகள். திருகோணமலையிலிருந்து வேலைக்குப் போன இடத்தில் சண்டை மூண்டு, மூதூர் அலுவலக வளாகத்துக்குள் அகப்பட்டார்கள். ரேடியோவில் திருகோணமலையோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். 4ஆம் திகதி அந்தத் தொடர்பு அறுந்தது. அமைப்பின் பெயர் போட்ட சட்டையோடு, முகங்குப்புறக் கிடத்தி, கிட்ட நின்று சுட்டிருந்தார்கள். அரச பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அந்த மாத முடிவிலேயே சொன்னது. அரசாங்கம் மறுத்தது. ஜனாதிபதி ஆணைக்குழுவும் வந்து போனது. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. உன் மூத்தவளுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அந்தப் பிள்ளைகளும் அவளைப் போலத் தண்ணீர் வேலைக்குப் போனவர்கள்தான், சாந்தி.

அந்த 17 பேரில் ஒரு வெளிநாட்டவர் இருந்திருந்தால் அவர்களை வெளியே எடுக்க எத்தனை தூதரகம் எத்தனை கதவைத் தட்டியிருக்கும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில் நடந்ததும் இதே கதைதான். அரசாங்கம் வெளியேறச் சொன்னது, 16ஆம் திகதி ஐ.நா. வாகனங்கள் புறப்பட்டன. போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. வெளிநாட்டவர் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினார்கள். வன்னி ஊழியர்கள் பலரும் அவர்களுடைய குடும்பங்களும் வெளியேறும் பாஸ் கிடைக்காமல் உள்ளேயே நின்றார்கள். பிறகு போர் முடிந்த 2009 மே வரை அவர்கள் பட்டது உனக்குத் தெரியும்.

நான் சொன்ன உரைகல் இதுதான்: நிலைமை கெட்டால் உள்ளூர் ஊழியரை என்ன செய்வதாக அந்த அமைப்பு எழுதி வைத்திருக்கிறது என்று கேட்கச் சொல்லு. "வெளிநாட்டு ஊழியரை விமானத்தில் ஏற்றுவோம்" என்பதோடு பதில் நின்றால் அந்த அமைப்பு பாதுகாப்பைப் பற்றி யோசிக்கவில்லை, வெளிநாட்டில் வரக்கூடிய வழக்கைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறது. சொந்த நாட்டு ஊழியரை எல்லை கடத்துவது பல வேளைகளில் சாத்தியமில்லை, அது உண்மை. ஆனால் மூன்று மாதச் சம்பளத்தை முன்னமே கையில் கொடுக்கலாம், குடும்பத்தைப் பாதுகாப்பான ஊருக்கு முன்கூட்டியே நகர்த்த வாகனம் கொடுக்கலாம், அலுவலகத்திலுள்ள பெயர்ப்பட்டியலை அழிக்கலாம், ஆபத்து அதிகமான இனத்தைச் சேர்ந்தவரை அந்தப் பாதையில் அனுப்பாமல் விடலாம். இதையெல்லாம் அமைதியான நாளில் உட்கார்ந்து திட்டமிட்டவர்கள்தான், உன் மகளையும் சரியான நேரத்தில் வெளியே எடுப்பார்கள். சாரதியின் உயிரைக் கணக்கில் எடுக்காத இடத்தில், அவர் ஓட்டும் வாகனத்தில் இருக்கிற பொறியியலாளரின் உயிரும் பத்திரமில்லை.

தென் சூடானின் தலைநகர் ஜூபாவில் 2016 ஜூலை 11இல் நடந்ததை அவள் படித்திருப்பாள். உதவிப் பணியாளர்கள் தங்கியிருந்த டெரெய்ன் ஹோட்டலுக்குள் அரசுப் படையினர் புகுந்தார்கள். பெண்களை வல்லுறவுக்கு உட்படுத்தினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரை எல்லோருக்கும் முன்னால் சுட்டுக் கொன்றார்கள், அவர் நூவெர் இனத்தவர் என்பதற்காக. ஐ.நா. படைமுகாம் பக்கத்தில்தான். உள்ளேயிருந்தவர்கள் போன் எடுத்தபடி இருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. இந்த வழக்கில் மட்டும் 2018இல் பத்துப் படையினரை இராணுவ நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது. உன்னைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. உயர்ந்த மதில், முள்ளுக்கம்பி, பக்கத்தில் ஐ.நா. படையின் நீலத் தொப்பி, இவற்றை மட்டும் நம்பிப் போகவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் மூன்று வழி சொல்லுவார்கள். ஊர்ச் சனமும் ஆயுதம் வைத்திருப்பவர்களும் உன்னை ஏற்றுக்கொள்ளும்படி நடப்பது ஒன்று. மதில், தலைக்கவசம், பங்கர் என்று உன்னைக் காத்துக்கொள்வது இன்னொன்று. கைவைத்தால் விளைவு உண்டு என்று காட்டுவது, ஆயுதக் காவலோடு போவது, மூன்றாவது. நல்ல அமைப்புகள் முதலாவதில் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியைப் போடும். கிணறு யாருக்கு முதலில் வெட்டுகிறோம், வேலைக்கு எந்தக் குலத்தவரை எடுக்கிறோம், தலைவரிடம் போய்த் தேநீர் குடித்தோமா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோமா, இவையெல்லாம் அங்கே பாதுகாப்பு வேலைதான். உன் மகள் குழாய் போடும் ஒழுங்கே அவளுடைய பாதுகாப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். இதை அவளுக்கு அழுத்திச் சொல்லு, பொறியியலாளர்கள் இதைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை.

சனம் ஏற்றுக்கொண்டாலும் காப்பாற்றாத இடங்கள் உண்டு. 2015 ஒக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை அமெரிக்கப் படைக்கு முன்னமே அறிவித்திருந்தது. அமெரிக்க விமானமே வந்து அடித்ததில் 42 பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரல் 1ஆம் திகதி காசாவில் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற உணவு உதவி அமைப்பின் ஆட்கள் பாதையை இஸ்ரேலிய இராணுவத்தோடு பேசித்தான் புறப்பட்டார்கள். வாகனக் கூரையில் அமைப்பின் சின்னம் இருந்தது. மூன்று வாகனங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து ஏழு பேரைக் கொன்றார்கள். அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்புச் சபை 2730ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. குற்றம் செய்தவர்களை அரசுகள் விசாரிக்கவேண்டும் என்று அது சொல்லுகிறது. மூதூரைப் பார்த்த நாங்கள் அந்த வரியை எவ்வளவு வேதனையோடு வாசிப்போம்! தண்டனை இல்லாத ஒவ்வொரு கொலையும் அடுத்ததற்கு அனுமதி கொடுக்கிறது. அதைத் தடுக்க எந்தப் பாதுகாப்பு அதிகாரியாலும் முடியாது. எங்கள் கையில் இருப்பது நேரத்தோடு விலகுவதும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு விலகுவதும்தான்.

அமைப்பின் பொறுப்பு பற்றி ஒரு வழக்கு உண்டு, அவள் தேடிப் படிக்கட்டும். 2012 ஜூன் 29இல் கென்யாவின் தடாப் அகதி முகாமில் நோர்வே அகதிகள் சபையின் வாகனத் தொடரைத் தாக்கி நான்கு பேரைச் சோமாலியாவுக்குக் கடத்தினார்கள். ஒரு சாரதி அங்கேயே செத்துப்போனார். ஆயுதக் காவலோடு போவதாக இருந்த பயணம், கடைசியில் காவலில்லாமல் போனது. நான்கு நாளில் மீட்கப்பட்டவர்களில் ஒருவரான ஸ்டீவன் டெனிஸ் வழக்குப் போட்டார். 2015இல் ஒஸ்லோ நீதிமன்றம் அமைப்பு பெருங்கவனக்குறைவாக நடந்தது என்று தீர்ப்பளித்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதன் பிறகு பல தலைமையகங்கள் தங்கள் பொறுப்பைப் புதிதாக எண்ணிப் பார்க்கத் தொடங்கின.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அவள் வாய்விட்டுக் கேட்கட்டும். காப்புறுதியில் போரால் வரும் காயம் சேருமா? பெந்தியுவில் வயிற்றில் வெடி பட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த விமானத்தில், யார் காசில்? மழைக்காலத்தில் ஓடுபாதை சேறானால்? இன்றைக்கு அந்தப் பாதையால் போகமாட்டேன் என்று சொன்னால் அது அவளுடைய மதிப்பீட்டறிக்கையில் பாதிக்குமா? அதே வார்த்தையைச் சாரதி சொல்லலாமா? கடைசிக் கேள்விக்கு மேலாளர் எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லு.

பயிற்சிக்கு அனுப்புவார்கள். கண்ணைக் கட்டிக் கடத்துகிற மாதிரி நடித்துக் காட்டுவார்கள். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, சிலருக்குப் பழைய காயத்தைக் கிளறிவிடும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கிளறும். வேண்டாம் என்று அவள் மறுக்கலாம். ஆனால் இரத்தப்போக்கைக் கட்டி நிறுத்துகிற பாடத்தை மட்டும் விடக்கூடாது. தொடையில் பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடம்தான். கட்டுப்பட்டியை இறுக்கத் தெரிந்த சாரதி, எந்தக் கவச வாகனத்தையும்விடப் பெறுமதியானவர்.

நீ கேட்கக் கூசி விட்ட விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அவள் தங்கும் அறைக்கு உள்ளே பூட்டு இருக்கவேண்டும், இரவில் கழிப்பறைக்கு வெளிச்சமுள்ள கிட்டின வழி இருக்கவேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். அந்த மருந்து பெந்தியுவிலேயே இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது, மேலாளரிடம் காரணம் சொல்லாமல் எடுக்கலாமா என்று கேட்கவேண்டும். ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, அதே வளாகத்தில் வேலை செய்கிற ஆளாலும் வரும். முறைப்பாடு யாரிடம் போகும் என்பதை முதல் நாளே அறிந்துகொள்ளட்டும். இதை நீ அவளிடம் கதைக்கக் கஷ்டமென்றால் நான் கதைக்கிறேன்.

அவள் ரேடியோ அறைப் பெண்ணோடு சிநேகமாக இருக்கட்டும். வாகனம் வெளிக்கிட்ட நேரம், உள்ளே எத்தனை பேர், எப்போது திரும்பக் கூப்பிடவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் கொப்பியில்தான் இருக்கும். நேரம் தப்பினால் முதலில் பதறுகிறவளும் அந்தப் பெண்தான். ஒவ்வொரு ஊரிலும் என்னைக் காத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஏதும் நடந்தால் தகவல் சொல்லவேண்டியவர் என்று படிவத்தில் உன் பெயரைப் போடுவாள். தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரை அமைப்பு வைத்திருக்கிறதா என்று கேட்டுவை. இல்லையென்றால் என் இலக்கத்தையும் சேர்த்துப் போடச் சொல்லு. அவளிடமிருந்து இரண்டு நாள் செய்தி வராவிட்டால் உடனே முகநூலில் எழுதாதே, யாரையும் எழுதவிடாதே. அலுவலகத்துக்கு எடு, பிறகு எனக்கு எடு. அங்கே சில நாட்களுக்கு நெட்வேர்க் இல்லாமல் போவது வழக்கம்.

ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பச் சொல்லு, காப்புறுதிப் பக்கங்களையும் சேர்த்து. ஞாயிறு பின்னேரம் உங்கள் நேரம் ஏழு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். அவளே எடுக்கட்டும், நீயும் பக்கத்தில் இரு. ஐயாவுக்கு என் அன்பைச் சொல்லு.

உன்,
வசந்தி