குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. விளையாட்டு விழா நன்றாக நடந்தது. படிக்கட்டு விளக்குகள் மாற்றப்பட்டன.

வேண்டாத தபாலைக் குறைக்கும் பணிக்குத்தான் இவ்வாண்டு அதிக உழைப்பு போனது. இதெல்லாம் சங்கத்தின் வேலையா என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விளம்பரத் தபாலைக் கிழித்துப் போட்டால் அடுத்தது நிற்காது. அனுப்புகிறவரின் பட்டியலிலிருந்தே பெயர் போகவேண்டும். முகவரிச் சீட்டில் பெயரோடு ஓர் எண் அச்சாகியிருந்தால், நம் பதிவை அவர்கள் தேடி எடுப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான். அந்தச் சீட்டை வெட்டிக் கடிதத்தோடு ஒட்டி, பெயரை நீக்கவும், பிறருக்குத் தரவேண்டாம் என்றும் எழுதவேண்டும். இரண்டாவது வரியை விட்டால் முகவரி வேறொருவர் கைக்குப் போகக்கூடும். இனிஷியல் மாறி வந்தால் கணினிக்கு அது வேறு ஆள். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். சீட்டுகள் முன்கூட்டியே அச்சாகிவிடுவதால் சில வாரங்களுக்குப் பழையவை வரத்தான் செய்யும். ஒரு கடிதத்தோடு கைவிட்டவர்கள் இதைப் பொறுத்திருந்து பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

நாம் வேலை பார்க்கும் அலுவலகங்களில் என்றால், வேலையை விட்டுப் போனவர்களின் பெயருக்கு வரும் தபாலும் கணிசமாக இருக்கும். வரவேற்பு மேசையில் ஒருவர் பொறுப்பேற்றுப் பெயர்களைக் குறித்து மொத்தமாக எழுதினால் தீரும்.

மின்னஞ்சலில் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. நாமே பதிவு செய்த கடையோ நிறுவனமோ என்றால் பட்டியலிலிருந்து விலகும் 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானை அழுத்தலாம். முன்பின் தெரியாதவர் என்றால் எதையும் அழுத்தாமல் ஸ்பேம் என்று குறிக்கவேண்டும். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவருக்கு உறுதியாகிவிடும். படங்கள் தானாகத் திறப்பதையும் நிறுத்திவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு படமே நாம் அஞ்சலைத் திறந்த செய்தியைச் சொல்லிவிடும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர அஞ்சலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தரவேண்டும் என்று கூகுள் 2024-இல் விதித்தது. அந்த வசதியை அஞ்சலின் தலைப்பகுதியில், அனுப்பியவர் பெயருக்கருகே பாருங்கள்.

இதற்கான இரண்டு செயல்விளக்கக் கூட்டங்களிலும் நாற்காலிகளே அதிகம் இருந்தன. வராதவர்கள்தான் பிறகு தபால்பெட்டி நிரம்புகிறது என்று முறையிட்டார்கள்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா பாக்கி மட்டும் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. கடிதங்களுக்கான தபால்தலைச் செலவும் அந்தச் சந்தாவிலிருந்துதான் வரவேண்டும். ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும் காவலாளிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடரவேண்டும் என்று சிலர் அன்போடு கேட்கிறார்கள். மாடிக்கு ஒருவர் சீட்டுகளைச் சேகரித்துத் தர முன்வந்தால் மறுக்கமாட்டேன். கடிதப் படிவங்களும் ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில் இருக்கின்றன.