சார்லெராய் பட்டறையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப்போர் டாங்கிகள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் பிரிட்டனின் மார்க் 4 டாங்கிகளை ஜெர்மானியர்கள் பிடித்து, சார்லெராய் பட்டறையில் சரிசெய்து, பிரிட்டிஷ்காரர்கள் மீதே திருப்பி ஓட்டியதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசு கேட்கவில்லை.

1917 நவம்பர் 20 அன்று பிரான்ஸில் காம்ப்ரேயில் பிரிட்டன் நானூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளை இறக்கியது. முதல் நாளே 179 முடங்கின. நேரடியாகக் குண்டு பட்டவை 65தான், மற்றதெல்லாம் எஞ்சின் பழுதாகியும் பள்ளத்தில் சிக்கியும் நின்றவை. பத்து நாளில் ஜெர்மனி எதிர்த்துத் தாக்கி இடத்தைத் திரும்பப் பிடித்தபோது, நின்ற வண்டிகளில் பல அதன் கைக்குப் போயின.

அப்புறம் நடந்ததுதான் பெரிய வேலை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 28 டன். சேற்றிலிருந்து இழுத்து, ரயிலேற்றி, பெல்ஜியத்தில் சார்லெராயில் இருந்த, ஜெர்மனியின் பவேரியப் பகுதி ராணுவத்தின் மோட்டார் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். தேறாத வண்டியைப் பிரித்து அதன் சாமான்களைத் தேறுகிற வண்டிக்குப் போட்டார்கள், பிரிட்டிஷ் பீரங்கியைக் கழற்றிவிட்டு பெல்ஜியத்திடம் பிடித்த 57 மி.மீ. பீரங்கியை மாட்டினார்கள், தங்கள் ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்று பக்கவாட்டில் ஆளுயரத்துக்குச் சிலுவை வரைந்தார்கள். ஜெர்மனி சொந்தமாகச் செய்த ஏ7வி டாங்கிகள் மொத்தமே 20. அதைவிட அதிகமாகக் களத்தில் ஓடியது இந்தப் பிடித்த வண்டிகள்தான் என்றால் அந்த மெக்கானிக்குகளின் உழைப்பை யோசித்துப் பாருங்கள்!

இதனால் பிரிட்டிஷ்காரர்களுக்கும் தங்கள் டாங்கி எது என்று தெரியாமல் போய், முன்பக்கம் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை அடிக்க வேண்டி வந்தது. அப்படியும் 1918 அக்டோபர் 8 அன்று பிரான்ஸின் நியெர்னி கிராமத்தருகே எதிரே வந்த மார்க் 4 டாங்கிகளைத் தங்களுடையவை என்றே நினைத்தார்கள், கிட்டத்தில் வந்த பிறகுதான் சிலுவை கண்ணில் பட்டது. ஒரே மாதிரி வண்டிகள், உள்ளே ஒரே சூடு, ஒரே புகை (எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவில் தடுப்பே கிடையாது), ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன.

தளபதிகளின் பெயர் எல்லாக் கட்டுரையிலும் வந்துவிடுகிறது. சார்லெராயில் டாங்கிகள் வரிசையாக நிற்கும் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. அடுத்த இதழில் ஒன்றையாவது போட்டு, அந்தப் பட்டறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், ஈரோடு