கொங்கு வரலாற்று நூல் வெளியீடு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளிக் கலையரங்கத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடக்கிறது. கொங்கு நாட்டின் பண்பாட்டு அடையாளம் எப்படி உருவானது என்று ஊர் ஊராகச் சுற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிய நூல் அது. அவர் நம் பள்ளியில் படித்தவர். நகரத்தில் பெரிய மண்டபம் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சிலர் சொல்லியும், தான் படித்த பள்ளியில்தான் வெளியிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். நீங்களும் வர வேண்டும். வீட்டில் தாத்தா, ஆத்தா, அப்பத்தா இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.

அழைப்பிதழைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். அதில் எழுத இடமில்லாத சில விஷயங்களை உங்களிடம் சொல்ல வேண்டும்.

அழைப்பிதழ் போன மறுநாளே பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து, "நம்ம ஆளுங்களைப் பத்தி எழுதியிருக்காருங்களா?" என்று கேட்டார்கள். ஒரே சமூகத்தார் அல்ல, வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. தம் முன்னோர் பெயர் புத்தகத்தில் வர வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆனால் 'அடையாளம்' என்று சொன்னதும் நம் மனம் நேராகச் சாதிக்குப் போய் நிற்கிறதே, அதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். சாதியைக் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளைத் தினமும் பார்க்கிற எனக்கு, இந்தப் புத்தகமும் இன்னொரு கயிறாகிவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. அச்சுக்குப் போகும் முன் நூலாசிரியர் பிரதியைப் படிக்கக் கொடுத்தார். படித்து முடித்ததும் அந்தக் கவலை போய்விட்டது.

நூல் கொடுமணலில் தொடங்குகிறது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. நம்மில் பலர் அந்த வழியாகப் போயிருப்போம், நின்று பார்த்திருக்க மாட்டோம். 1985 முதல் பல கட்டங்களாக அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும் இருந்தன. காங்கயம் பக்கம் படியூரில் கிடைக்கும் பச்சைக்கல்லை அறுத்து, தேய்த்து, துளையிட்டு மணியாக்கினார்கள். துளையிடும்போது உடைந்துபோன மணிகளும், பாதி வேலையில் கைவிட்டவையும் மண்ணுக்குள் அப்படியே கிடைத்தன. சங்க நூலான பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. வேலைப்பாடு மிக்க அணிகலன்களுக்குப் பெயர் பெற்ற ஊராகத்தான் புலவர்களும் அதைப் பாடினார்கள்.

என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது பானை ஓடுகள் பற்றிய பகுதி. அங்கே கிடைத்த ஓடுகளில் பழந்தமிழ் எழுத்து வடிவமான தமிழியில் ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. யார் வீட்டுப் பானை, யார் கொடுத்த பானை என்று தெரிய எழுதியிருப்பார்கள். அரசர் பெயரும் தலைவர் பெயரும் மட்டும் என்று நினைக்க வேண்டாம், சாதாரண மனிதர்களின் பெயர்கள் அவை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தொழிலூரில் பரவலாக இருந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் தமிழ்ப் பெயர்களோடு, பழைய வடநாட்டு மொழியான பிராகிருதத்தின் பெயர்களும் கலந்திருக்கின்றன. மணி செய்யப் பயன்பட்ட சூதுபவளம் என்னும் செந்நிறக் கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெளியூர்க்காரர்கள் நொய்யல் கரைக்கு வந்து, நம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்து, தங்கள் பெயரை இந்த மண்ணின் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது நம் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும்தான் என் கண்முன் வந்தன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனியிலும் நூற்பாலையிலும் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் தங்கள் பெயரை எழுதப் பழகியிருக்கிறார்கள். "அவங்க வெளியூருங்க" என்று ஒதுக்கி உட்கார வைக்கும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. அது வீட்டிலிருந்துதான் வருகிறது. கொடுமணல் ஓடுகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

நூலில் வேறு பல செய்திகளும் உண்டு. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், சேர மன்னர் மூன்று தலைமுறையினரின் பெயர் சொல்லும் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. ஒரு சமணத் துறவிக்குக் குகையில் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி அது. அதே மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் செய்த கொடையும் பதிவாகியிருக்கிறது. நம் பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிற நன்னூல் இலக்கணத்தை எழுதிய பவணந்தி முனிவரும் சமணர்தான். அவர் ஊர் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரம் என்பது மரபு. அவிநாசியும் பவானியும் கொடுமுடியும் தேவாரப் பாடல் பெற்ற ஊர்கள். சைவமும் சமணமும் வளர்ந்த மண்ணில்தான் பிறகு மசூதிகளும் தேவாலயங்களும் எழுந்தன.

அப்புறம் மொழி. போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர் அரசர், திப்பு சுல்தான் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்த பகுதி இது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். தறி ஓட்டும் குடும்பங்களில் வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் இன்றைக்கும் ஏராளம். வாசலைத் தாண்டினால் எல்லோர் வாயிலும் அதே "ஏனுங்க", "வாங்கொ", உறவினருக்கு அதே ஒறம்பரை, கொல்லைப்புறத்துக்கு அதே பொடக்காளி.

வெள்ளாமை பற்றிய அத்தியாயம்தான் நூலிலேயே மிகவும் கனமானது. கொங்கு விவசாயிகளின் உழைப்பைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அதில் மிகை ஒன்றும் இல்லை. மழை குறைந்த மேட்டுநிலத்தில் ஆழக் கிணறு வெட்டி, மாடு பூட்டித் தோல் பையில் தண்ணீர் தூக்கும் கவலை இறைத்து, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளர்த்து, காங்கயம் மாடுகளைக் காப்பாற்றிய மக்கள் அவர்கள். நூலாசிரியர் அதோடு நிற்கவில்லை. கவலைக்குத் தேவையான தோல் வேலையைச் செய்தது யார், பாறையை உடைத்துக் கிணற்றுக்குள் இறங்கியது யார், மேய்ச்சலுக்குப் போனது யார், அவர்களுக்கு அதே கிணற்றில் தண்ணீர் மொள்ள உரிமை இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போகிறார். பதில்கள் படிக்கச் சங்கடமாக இருக்கும். சில பெற்றோருக்குக் கோபம்கூட வரலாம். ஆனால் தோல் தைத்தவர் இல்லாமல் கவலை ஓடியிருக்காது, வெள்ளாமையும் இருந்திருக்காது. அந்த உழைப்பை விட்டுவிட்டுக் கொங்குப் பெருமை பேசினால் அது அரைகுறைப் பெருமைதான். பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு நானே பொறுப்பு.

13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால் இன்றும் பாய்கிறது. 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையையும், 1932-இல் அடிபட்டு இறந்த திருப்பூர் குமரனையும் எல்லோருக்கும் தெரியும். 1946-இல் கோவை சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1888-இல் கோவையின் முதல் மில், 1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம், அதன்பின் வரிசையாக ஆலைகள் என்று நாம் பெருமையாகச் சொல்கிற வளர்ச்சிக்குள்தான் அவர்கள் கதையும் இருக்கிறது.

கடைசி அத்தியாயம் மறுபடியும் நொய்யலுக்கு வருகிறது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், அதன் கீழே இருந்த விளைநிலங்களும் கிணறுகளும் கெட்டதும், விவசாயிகள் நீதிமன்றம் போனதும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதில் வருகின்றன. நம் பெற்றோரில் சாயப்பட்டறை வேலைக்குப் போனவர்களும் இருக்கிறீர்கள், தண்ணீர் கெட்டு விவசாயக் காட்டை விட்டவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். நொய்யலுக்கு நாம் செய்ததும் நம் வரலாறுதான்.

சரி, விழா விவரம். முதல் பிரதியை முக்கியப் பிரமுகர் யாரிடமாவது கொடுப்பதுதான் வழக்கம். இந்த முறை நூலாசிரியரும் நானும் பேசி வேறு மாதிரி முடிவு செய்தோம். பவானியில் ஜமக்காளம் நெய்யும் அம்மா ஒருவர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, உடுக்கையடித்துக் கதை பாடும் பெரியவர், காங்கயம் மாடு மேய்த்தவர், கவலைக்குத் தோல் தைத்த குடும்பத்து மூத்தவர் ஆகியோர் மேடையில் சேர்ந்து பெற்றுக்கொள்வார்கள். மேடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி துண்டு. யாருக்கும் தனி மாலை கிடையாது. பெற்றோர் சார்பில் பேனர் வைப்பதையும் பட்டாசு வெடிப்பதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

மதியம் ஒரு செய்முறை வகுப்பு இருக்கிறது. கல்வெட்டை மைப்படி எடுப்பது எப்படி என்று நூலாசிரியரே சொல்லித் தருகிறார். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அதன்மேல் மையை ஒற்றி எடுப்பார்கள். எழுத்துகள் வெள்ளையாகத் தெளிந்து வரும். பிள்ளைகள் பார்க்க வேண்டிய வேலை அது.

அதை ஒட்டி உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர்க்கோயில் திருப்பணியில் உங்களில் பலர் பொறுப்பில் இருக்கிறீர்கள். கல்வெட்டு உள்ள சுவரை மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்ய விடாதீர்கள். பல ஊர்களில் அப்படித்தான் எழுத்துகள் தேய்ந்து போயின. நடுகல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். பரணில் ஓலைச்சுவடியோ பழைய பத்திரமோ கிடைத்தால் எரிக்கவும் வேண்டாம், லேமினேட் செய்யவும் வேண்டாம். போட்டோ எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். மூலத்தை யார் கேட்டாலும், நான் கேட்டாலும், கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள்.

விழாவுக்குப் பிறகு ஒரு மாத காலம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வரலாற்றை எழுதி வர வேண்டும். தாத்தா என்ன வேலை செய்தார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார்கள், எப்போது இந்த ஊருக்கு வந்தார்கள், அப்பத்தா என்ன பாட்டுப் பாடுவார், எந்த வருசப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வார் என்று கேட்டு எழுதினால் போதும். சாதிப் பெயர் எழுத வேண்டியதில்லை. யார் யாரைவிட உயர்ந்தவர் என்ற பேச்சும் அதில் வேண்டாம். ஒடிசா, பீகார் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் சொன்னதைத் தமிழில் எழுத வகுப்பாசிரியர்கள் உதவுவார்கள். வேலை முடிந்து அலுப்பாக வருவீர்கள், தெரியும். இருந்தாலும் பிள்ளை வந்து கேட்கும்போது டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் சொல்லுங்கள்.

நூலை வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பள்ளி நூலகத்துக்குப் போதுமான பிரதிகளை நூலாசிரியர் இலவசமாகத் தருகிறார். பெற்றோரும் எடுத்துப் படிக்கலாம். அதற்காக மாலை 6 மணி வரை நூலகம் திறந்திருக்கும்.

சனிக்கிழமை மதிய உணவு பள்ளியிலேயே. எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். அதற்கடுத்த வாரம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடுமணலுக்கு அழைத்துப் போகிறோம். ஒப்புதல் சீட்டு இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறது. அப்பா, அம்மா யாராவது ஒருவர் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள். அங்கே கிடக்கும் பானைச் சில்லையோ மணியையோ யாரும் எடுத்து வரக் கூடாது என்று வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்