தங்கவயல்: கழிவு மேட்டுக்கு விலை பேசும் முன் ஊரின் கணக்கைத் தீர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலார் தங்கவயலில், சைனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சைனைடு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவு அளித்தது. அன்று முதல் இந்த மேடுகளைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. 13 மேடுகள், ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலம், சுமார் 3.3 கோடி டன் கழிவு மண் என்று கணக்குகள் சொல்லப்படுகின்றன. அந்த மண்ணில் எஞ்சியிருக்கும் தங்கத்தின் மதிப்பு பேசப்படும் அளவுக்கு, மேடுகளின் அடிவாரத்தில் வாழும் மக்களுக்கு என்ன சேர வேண்டும் என்பது பேசப்படவில்லை. தங்கவயலில் பிறந்து இன்றும் இங்கேயே வசிப்பவன் என்ற முறையில் அதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கு வந்தபோது, சுரங்கத்துக்குள் இறங்க ஆள் கிடைத்தது பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்துதான். வந்தவர்களில் பெரும்பான்மையினர் ஊரில் பண்ணையாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஒரு காணி சொந்தமாகப் பெறாத ஒடுக்கப்பட்ட சாதியினர். மூங்கில் தட்டி வீட்டில் வாழ்ந்து, உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலைதான் என்றாலும், ரொக்கமாகக் கூலி கிடைத்ததும், தெருவில் செருப்போடு நடக்க முடிந்ததும் அவர்களுக்குச் சாதாரண விஷயங்கள் அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே மிக ஆழமாக வேரூன்றிய இடங்களில் எங்கள் மாரிகுப்பமும் ஒன்று. பின்னாளில் அவருடைய 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே தொடர்ந்து நடத்தினார்கள். படிப்பகங்கள், இரவுப் பள்ளிகள், தொழிற்சங்கங்கள் எல்லாம் சுரங்கத்தை ஒட்டி வளர்ந்தவை. ஆகவே இங்கு ஒரு தொழில் மூடப்பட்டபோது, சம்பளத்தோடு சேர்த்து, மூன்று நான்கு தலைமுறைகள் உழைத்துச் சேர்த்த ஒரு தன்மானத்தின் அடித்தளமும் அசைந்தது. வேலை இழந்தவர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சுரங்கம் ஏன் மூடப்பட்டது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்றுவிட்டது. ஆழம் கூடக் கூட வெப்பமும், நாங்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்று சொல்லும் பாறை வெடிப்பும், செலவும் கூடின. ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கமோ தொடக்க காலத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைந்தது. ஆனால் இயற்கை மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 1956இல் மைசூர் மாநில அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்ற பிறகு, எடுத்த தங்கம் நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தை விலையைவிடக் குறைவான பன்னாட்டு விலைக்கே அரசின் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்படிக் கணக்கிட்டுவிட்டு, நட்டத்தில் ஓடும் நிறுவனம் என்ற பெயரையும் அதன் தலையிலேயே கட்டினார்கள். 1972இல் உருவான பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம், 1992இல் நலிவுற்ற தொழில்களுக்கான வாரியத்தின் முன் நிறுத்தப்பட்டு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளியேறியிருந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிலாளர்களுக்கு ஒரு தொகை கொடுக்கப்பட்டது. நாற்பது ஐம்பது வயதில், வேறு தொழில் அறியாத ஒருவரின் கைக்கு மொத்தமாக வரும் பணம் எங்கே போகும் என்பதை நம் குடும்பங்களில் எல்லோரும் அறிவோம். மகள் திருமணம், வட்டிக்கு வாங்கியிருந்த கடன், நோயாளியின் மருத்துவச் செலவு ஆகியவை போக மிஞ்சியதில் சிலர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் பெட்டிக்கடை வைத்தார்கள். ஊரில் எல்லோருடைய வருமானமும் ஒரே நாளில் நின்றுபோயிருக்க, அந்தக் கடையில் யார் சாமான் வாங்குவார்கள், அந்த ஆட்டோவில் யார் ஏறுவார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருந்தது. ஒரு முழு ஊரே வேலை இழக்கும்போது தனித்தனி ஆளுக்குச் சிறுதொழில் யோசனை சொல்வது பயன் தராது என்பது எங்கள் அனுபவம்.

திறமைக்கும் மதிப்பில்லாமல் போயிற்று. சாஃப்டில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியில், கூண்டை இயக்கிய வைண்டிங் இன்ஜின் டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். மணி ஒலிக்கும் எண்ணிக்கையைக் கேட்டே, ஆள் ஏறியிருக்கிறாரா, கல் ஏற்றப்பட்டிருக்கிறதா, எந்த மட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிந்து, ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்குக் கூண்டை இறக்கி, சொன்ன இடத்தில் பிசகாமல் நிறுத்துகிறவர் அவர். ஒரு நேரத்தில் பலருடைய உயிர் அவர் கையில் இருந்தது. அதற்கென்று தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றவர். சுரங்கச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அந்தச் சான்றிதழ் சுரங்கத்துக்கு வெளியே எந்த வேலைக்கும் செல்லாது. அப்படிப்பட்டவர்கள் பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் காவலர் உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. கிரேன், லிஃப்ட், மின்மோட்டார் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு அவர்களுடைய அனுபவத்தை மதிப்பிட்டு, சில மாதப் பயிற்சியோடு மாற்றுச் சான்றிதழ் வழங்கியிருந்தால் அவர்கள் வாழ்க்கை வேறு விதமாக அமைந்திருக்கும் என்றே சொல்கிறேன். 1964இல் தொடங்கப்பட்ட பெமல் தொழிற்சாலை இதே ஊரில் மண்வாரி இயந்திரங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தபோதும், அந்த முயற்சி உரிய அளவில் நடக்கவில்லை என்பது எங்கள் நெடுநாள் மனக்குறை.

ஊரைக் காப்பாற்றியது ரயில். தங்கத்தையும் சுரங்கத்துக்கு வேண்டிய பொருள்களையும் கொண்டுசெல்ல 1894இல் போடப்பட்ட கிளைப் பாதையில், மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் விடியும் முன்பே ஆட்கள் ஏறுகிறார்கள். பங்காருப்பேட்டையைத் தாண்டும்போது நிற்க இடம் இருக்காது. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவமனை உதவியாளர்கள், கணினி நிறுவன ஊழியர்கள் எனச் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்கு நாள்தோறும் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். தங்கவயல் மீண்டு வந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் படித்தார்கள், வேலை தேடிக்கொண்டார்கள், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அதில் எனக்குப் பெருமையே உண்டு. ஆனால் அது குடும்பங்கள் தம் சொந்த உழைப்பால் மீண்ட கதை. ஊர் மீளவில்லை. நாளில் நான்கைந்து மணி நேரம் பயணத்தில் கழிக்கும் தாய், பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. மாலையில் படிப்பகத்துக்கு வர, சங்கத்தில் பேச, விளையாட்டுக் குழுவைக் கட்டிக் காக்க ஊரில் ஆள் இருப்பதில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரியையும் எஃகையும் மட்டுமே நம்பி வாழ்ந்த பகுதி. நிலக்கரித் தொழில் சரியத் தொடங்கிய காலத்திலேயே, அப்போது ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லாத அந்தப் பகுதியில், போஹும் நகரில் 1965இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. மானியம் பெற்று நடந்த சுரங்கங்களை மூடுவது என்று 2007இல் முடிவெடுத்தபோது, அதற்குப் பதினோரு ஆண்டுக் கால அவகாசம் வைத்தார்கள். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில்தான் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மூத்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், இளையவர்கள் வேறு வேலைக்கு மாறினார்கள். சுரங்கக் குழிகளில் ஊறும் நீரை எக்காலத்துக்கும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், அந்தச் செலவுக்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். எஸ்ஸன் நகரில் மூடப்பட்ட சோல்ஃபெராயின் சுரங்கத்தை இடிக்காமல் பாதுகாத்தார்கள். அது 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, எங்கள் சாஃப்டுகள் மூடப்பட்ட அதே ஆண்டில். ரூரில் வேலையின்மை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் துயரம் உண்டு. ஆனால் மூடுவது என்பதையே பல ஆண்டுத் திட்டமாக நடத்த முடியும் என்பதற்கு அது சான்று. இந்தியாவில் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் வேண்டும் என்ற விதி 2003இல்தான் வந்தது. இரண்டாண்டு முந்தி மூடப்பட்ட காரணத்தால் தங்கவயலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அதன் விளைவை இன்றும் மூச்சில் உணர்கிறோம். காற்று வீசும் மாதங்களில் சைனைடு மேட்டுத் தூள் மாவுபோல் பறந்து வந்து, சன்னலில் ஈரத்துணி கட்டினாலும் உள்ளே புகுந்து, மூடி வைத்த சோற்றுப் பானையின் மூடிமேல் வெள்ளையாகப் படிகிறது. துடைத்த தரையில் மாலைக்குள் கால் தடம் பதியும். 1940களில் இங்கே பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்ததாக மருத்துவப் பாடநூல்களே கூறுகின்றன. சுரங்கம் மூடியதோடு அந்த நோய் நின்றுவிடுவதில்லை. நுரையீரலில் படிந்த கல்தூள் பல ஆண்டுகள் கழித்தும் ஆளை வாட்டும். ஒரு காலத்தில் நாட்டின் சிறந்த மருத்துவமனைகளுள் ஒன்றாகப் பேசப்பட்ட சுரங்க மருத்துவமனையும் மூடல் காலத்தோடு சேர்ந்து நலிந்தது. நோய் முற்றும் வயதில் மருத்துவ வசதி கைவிட்டுப் போனது எத்தனை பெரிய அநீதி என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுப் பிரச்சினையும் இதே தன்மையுடையது. தொழிலாளர்கள் வசித்த வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகள் வேலையோடு கிடைத்தவை. வேலை போனபின் அவை யாருடையவை என்ற கேள்வி எழுந்தது. முழுமையான உரிமை ஆவணம் கைக்கு வராமல் அங்கேயே தொடர்ந்து வசிக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆவணம் இல்லாததால் வங்கிக் கடன் கிடைப்பதில்லை, சரிந்த சுவரைத் துணிந்து கட்டவும் முடிவதில்லை. 2024இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருப்பைக் காலி செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டபோது, தமிழ்நாட்டு வாசகர்கள் இதே கேள்வியை நேரில் கண்டார்கள். வேலையோடு வீட்டையும் பிணைத்து வைத்த எந்தத் தொழில் மூடப்பட்டாலும், வீட்டுரிமையைத் தீர்த்த பிறகே மூடும் உத்தரவு வர வேண்டும் என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

இப்போது கழிவு மேடுகளின் திட்டத்துக்கு வருகிறேன். அதை நான் எதிர்க்கவில்லை. மேடுகள் முறையாக அகற்றப்பட்டால் தூசித் தொல்லை தீரவும் வழி பிறக்கும். ஆனால் உலர்ந்து கெட்டித்த மேட்டைக் கிளறும்போது தூசி பல மடங்காகும். மீண்டும் சைனைடு பயன்படுத்தினால் நிலத்தடி நீருக்கு என்ன காப்பு என்பதை முன்பே சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, ஏல முறையில் குத்தகை பெறும் நிறுவனம் தான் செலுத்தும் உரிமத்தொகையில் (ராயல்டியில்) 10 விழுக்காட்டுக்கு இணையான தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். அந்தப் பணம் மாவட்டத்தின் பொதுச் செலவுகளில் கரைந்துவிடாமல், மேடுகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கே முதலில் செலவிடப்பட வேண்டும். சிலிகோசிஸ் பரிசோதனையும் சிகிச்சையும் தரும் மருத்துவமனை அதில் முதற்செலவாக இருக்கட்டும். குத்தகை ஒப்பந்தத்தில், வேலைவாய்ப்பில் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்பதைப் பொத்தாம் பொதுவாக எழுதாமல், எந்தெந்த வேலைக்கு எத்தனை பேர், யார் பயிற்சி தருவார்கள் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். கூட்டுறவு முறையில் தாங்களே சுரங்கத்தை நடத்தத் தயார் என்று தொழிலாளர்கள் பல்லாண்டு வழக்காடினார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டபோது அந்த வாய்ப்பு கைநழுவியது. அந்த மக்களை இம்முறையும் பார்வையாளர்களாக ஒதுக்கி வைக்கக் கூடாது.

இறுதியாக ஒரு கோரிக்கை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படும்போது, அதை வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு, மாவட்டத் தலைநகரில் வைத்தால் ஊர் மக்களில் பெரும்பாலோர் பெங்களூரில் வேலையில் இருப்பார்கள். கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ராபர்ட்சன்பேட்டையிலோ சாம்பியன் ரீஃபிலோ, கன்னடத்தோடு தமிழிலும் நடத்த வேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ் வடிவத்தை ஒரு மாதம் முன்னதாகவே நகராட்சி அலுவலகத்திலும் நூலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் வைக்க வேண்டும். இதை மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லத் தங்கள் நாளிதழ் துணை நிற்க வேண்டும் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.