ஆங்கில மேடையின் அடுத்த பருவத்தில் தமிழ் நாடகத்துக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் இயங்கிவரும் சிறிய ஆங்கில நாடகக் குழுக்கள் தங்கள் அடுத்த பருவத்துக்கான நாடகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவற்றுள் ஒன்றாவது தமிழில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நாடகமாக இருக்க வேண்டும் என்றும், அந்தப் பருவத்தின் அறிவிப்பு தமிழ் நாளிதழ்களிலும் உரிய நேரத்தில் வெளிவர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஆங்கில நாடகத்தைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைக்கு எதற்காகக் கடிதம் என்று வாசகர்கள் நினைக்கலாம். இந்த நாடகங்களைப் பார்க்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் நாளிதழ் வாங்கும் வீடுகளில்தான் இருக்கிறார்கள் என்பது பல ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த எனக்கு நன்றாகவே தெரியும்.

1955-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் பிளேயர்ஸ் நம் நாட்டின் பழைமையான ஆங்கில நாடகக் குழுக்களுள் ஒன்று. கிரீஷ் கார்னாட் 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றிய காலத்தில் இக்குழுவோடு நெருங்கிப் பழகினார். அவர் கன்னடத்தில் எழுதிய ‘ஹயவதனா’ ஆங்கில வடிவில் முதன்முதலாக அரங்கேறியது 1972 டிசம்பரில், நம் எழும்பூர் மியூசியம் தியேட்டரில், இக்குழுவினரின் கையால்தான். நண்பர்கள் இருவரின் தலைகள் இடம் மாறிவிட, அவர்களுள் ஒருவனை மணந்த பெண்ணுக்குக் கணவன் எவன் என்ற கேள்வி எழும் அந்தக் கதையை, விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்ட கேள்விகளுள் ஒன்றாக நம் வீட்டுப் பிள்ளைகள் எப்போதோ கேட்டிருக்கிறார்கள். ஒரு கன்னட நாடகம் ஆங்கிலத்தின் வழியே நாடு முழுவதும் சென்று சேரத் தமிழ்நாட்டின் தலைநகரில் இருந்த ஒரு சிறு குழு வாசலைத் திறந்துவிட்டது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதே வாசல் வழியாகத் தமிழ் நாடகங்களும் தொடர்ந்து சென்றிருக்க வேண்டும் என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

கார்னாட், விஜய் டெண்டுல்கர், பாதல் சர்க்கார், மோகன் ராகேஷ் ஆகியோரின் பெயர்களை இந்திய நாடகம் படிக்கும் எந்த மாணவரும் சொல்வார். தமிழ் நாடகாசிரியர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நம் ஊர் மாணவர்களே தயங்குகிறார்கள். நாடகம் இல்லாமையால் வந்த தயக்கம் இது என்று கூற இயலாது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’, ‘ஔரங்கசீப்’, ‘இராமாநுஜர்’ ஆகியவை ஆங்கிலத்தில் நூலாகவே கிடைக்கின்றன. இவற்றுள் ‘இராமாநுஜர்’ 1999-ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் என்ற இலக்கிய விருதைப் பெற்றது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001-இல் கல்கத்தாவின் சீகல் பதிப்பகம் வழியே வெளிவந்தது. கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை 1977-இல் நிறுவிய ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ போன்ற நாடகங்களில் மிகக் குறைந்த மேடைப் பொருட்களே போதும். சிறிய குழுவுக்கு அதைவிட வசதியான நாடகம் வேறென்ன இருக்கிறது?

இவற்றுள் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். அத்திப்பட்டி என்ற கிராமத்துக்குக் குடிநீர் கேட்டு மனு மேல் மனுவாகக் கொடுத்து ஓய்ந்துபோன மக்கள், தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். பிறகு தாங்களே கால்வாய் வெட்டப் புறப்படுகிறார்கள். அதையும் அரசு இயந்திரம் தடுத்து நிறுத்துகிறது. 1980-இல் மேடையேறி, அடுத்த ஆண்டே கே. பாலசந்தரின் இயக்கத்தில் திரைப்படமான அந்த நாடகம், கோடை வந்தால் தண்ணீர் லாரியின் பின்னால் குடங்களுடன் வரிசையில் நிற்கும் இந்த நகரத்தில் எந்த மொழியில் நடிக்கப்பட்டாலும் பார்ப்பவர்களின் மனத்தில் தைக்கும். பெங்களூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் பிழைப்புக்காக வந்து பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருப்பவர்களுக்கும், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்ட நம் பேரப்பிள்ளைகளுக்கும் அத்திப்பட்டியைக் காட்ட ஆங்கில மேடையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. தமிழ் நாடகத்தைத் தமிழிலேயே பார்க்கலாமே என்பவர்களுக்கும் என் பதில் இதுதான். பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கி மேடையேற்றியபோது ஷேக்ஸ்பியருக்கு எந்தக் குறையும் நேரவில்லை. புதிய ரசிகர்கள் கிடைத்தார்கள்.

முயற்சியே நடக்கவில்லை என்று நான் கூறவில்லை. தமிழ் எழுத்தாளர் ஆர். சூடாமணியின் சிறுகதைகளை மெட்ராஸ் பிளேயர்ஸ் ஆங்கிலத்தில் மேடையேற்றியது பாராட்டத்தக்க செயல். அத்தகைய படைப்பு ஆண்டுதோறும் எதிர்பார்க்கத்தக்க ஒன்றாக, பருவத்தின் நிலையான அங்கமாக ஆக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சிறு குழுக்களின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. நடிப்பவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்; அலுவலகம் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஒத்திகைக்கு ஓடி வருகிறவர்கள். பல வாரம் ஒத்திகை பார்த்து இரண்டு மூன்று நாள் மட்டுமே நடிக்கும் நாடகத்துக்கு அரங்க வாடகை, ஒளியமைப்பு, உடை என்று செலவு கூடிக்கொண்டே போகும்போது, அரங்கு நிறையும் என்று தெரிந்த மேனாட்டு நகைச்சுவை நாடகத்தை அவர்கள் நாடுவது இயல்பே. ஆயினும் அரங்கை நிரப்பக்கூடிய ஒரு பெரிய கூட்டத்தை இவர்கள் இதுவரை சரியாக அழைக்கவே இல்லை. அந்தக் கூட்டம் நம் கல்லூரிகளில் இருக்கிறது.

கார்னாடின் ‘ஹயவதனா’, ‘துக்ளக்’ போன்றவை நம் கல்லூரிகள் பலவற்றில் ஆங்கில இலக்கியப் பாடமாக இருந்துவருகின்றன. தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்த மாணவர்கள் அவற்றை உரைநூலின் துணையோடு மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள். ‘ஹயவதனா’வில் குழந்தைக்காக வாங்கி வந்த இரண்டு பொம்மைகள் நாயகி பத்மினியின் கனவைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் இடம் உண்டு. புத்தகத்தில் வாசித்தபோது என் வகுப்பில் யாருக்கும் அது பிடிபடவில்லை. இரண்டு மாணவிகளை மேசையின் மேல் உட்காரவைத்து, கழுத்தை அசைக்காமல், கண்ணை உருட்டிப் பேசச் சொன்னேன். பத்மினி வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தப் பொம்மைகள் சொல்கின்றன என்பது அடுத்த நிமிடமே வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிட்டது. பயிற்சி பெற்ற நடிகர்கள் முறையான ஒளியில் அதைச் செய்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பட்டம் பெற்று வெளியேறும்வரை ஒரே ஒரு ஆங்கில நாடகத்தைக்கூட மேடையில் பார்த்ததில்லை.

எனவே குழுக்கள் தங்கள் பருவ நிகழ்ச்சி நிரலை, நாடகத்துக்கு இரண்டு வாரம் முன்பு தனித்தனியாக அறிவிக்காமல், கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களிலேயே மொத்தமாக வெளியிட வேண்டும். பாடத்திட்டத்தோடு பொருந்தும் நாடகத்தை ஆசிரியர்கள் அப்போதே குறித்துவைத்து மாணவர்களை அழைத்துவர முடியும். மாலைக் காட்சி முடிந்து தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் அப்பால் திரும்ப வேண்டிய மாணவிகளுக்காக ஒரு பகல் காட்சியையும், அடையாள அட்டையைக் காட்டினால் குறைந்த கட்டணத்தையும் ஏற்பாடு செய்யலாம். பருவத்தில் ஒரு நாடகத்தையேனும் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுசெல்ல இயன்றால் இன்னும் நல்லது. தங்குமிடமும் அரங்கமும் தர முன்வரும் கல்லூரிகள் அங்கே நிச்சயம் இருக்கும்.

தங்கள் நாளிதழ் சபா நாடகங்களுக்கும் மார்கழி இசை விழாவுக்கும் நாள்தோறும் இடம் ஒதுக்குகிறது. அதே ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில், எந்த ஆங்கில நாடகம், மூலத்தை எழுதியவர் யார், எந்த அரங்கம், எத்தனை மணிக்கு, மாணவர் கட்டணம் எவ்வளவு என்ற விவரங்களையும் வெளியிட வேண்டுகிறேன். தமிழ் நாடகம் ஒன்று ஆங்கிலத்தில் அரங்கேறும்போது, அதைப் பார்த்து விமர்சனம் எழுதத் தமிழ் நாடகம் அறிந்த ஒருவரை அனுப்புங்கள். மூலத்தை அறிந்தவரின் விமர்சனம் அக்குழுவினருக்கு ஆங்கில ஏடுகளில் கிடைப்பது அரிது. அடுத்த பருவத்தைத் திட்டமிடும்போது அது அவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்,
தாம்பரம்.